பக்கத்து சீட்டு பிரேக்

மாஸ்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் பிரேக், வாய்க்கு மட்டும்தான் கிடையாது என்று டிரைவிங் ஸ்கூல் முதலாளி சொல்வார். அவர் சொல்வதில் தப்பில்லை. அவள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் சின்ன வெள்ளைக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஸ்டியரிங் பிடிப்பவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் மாஸ்டரம்மாவின் காலடியில் இன்னொன்று. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பத்தொன்பது வருஷமாக வலது காலை வைத்துக்கொண்டு, வெங்காயத்திலிருந்து விண்வெளி வரைக்கும் பேசிக்கொண்டே ஆயிரத்துச் சொச்சம் பேரை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர்களில் யாரும் இதுவரை பெரிதாக எதையும் இடித்ததில்லை. ஒருவர் மட்டும் சொந்த வீட்டுக் கேட்டை இடித்தார், அதுவும் கோபத்தில்.

அந்த வலது கால் எங்கே போனாலும் சும்மா இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டின் அடிக்கம்பியை மிதிக்கும். நாத்தனார் வீட்டுக்காரர் காரில் ஏறினால் மிதியடியைத் துவைத்து எடுக்கும். "தங்கச்சி, என் வண்டியோட தரை ஓட்டையாயிடப் போகுது" என்று அவர் கெஞ்சுவார். அட, ஆலயத்தில்கூட, போதகரின் பிரசங்கம் நாற்பது நிமிஷத்தைத் தாண்டினால் பெஞ்சுக்கு அடியில் அந்தக் கால் தானாக முன்னே நகர்ந்து ஒரு அழுத்து அழுத்தும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் முழங்கையால் இடிப்பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிற மனுஷர் அவர். நாள் முழுக்கப் பேசுகிற மனைவிக்கு ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசுகிற கணவர் என்று எந்தக் கணக்கில் சேர்த்து வைத்தார்களோ, இருபத்தாறு வருஷமாகக் குடித்தனம் அமோகமாக நடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தார். அதிலேயே மாஸ்டரம்மா உஷாராகியிருக்க வேண்டும். ஆளுக்கொரு மஞ்சள் கார்டு கைக்கு வந்தது.

"இதுல ஒரே ஒரு ஆளைக் குறிச்சுக்கோங்க" என்றார் போதகர். "கூட வேலை செய்யறவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, தினம் பார்க்கற யாரோ ஒருத்தர். ஆண்டவர் உங்களுக்கு என்ன செஞ்சார்னு அவங்ககிட்ட சொல்லுங்க. ஊர் ஊரா போக வேண்டாம், மேடை ஏற வேண்டாம். மூணு மாசம் டைம். கடைசி ஞாயிறு இங்க வந்து என்ன நடந்ததுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

எல்லாரும் திரும்பி மாஸ்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். பேசுவதற்கு ஒரு பரிசு என்றால் அது அவளுக்குத்தானே என்பது அவர்கள் நினைப்பு. அவளோ வியர்த்துக்கொண்டிருந்தாள். மழை, மாமியார், முட்டி வலி, எதைப் பற்றிக் கேட்டாலும் மணிக்கணக்கில் பேசுவாள். ஆனால் ஆண்டவரைப் பற்றி வெளி ஆளிடம் பேச வேண்டும் என்றால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்தி குறைவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணவர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தபோது, வராந்தாவில் உட்கார்ந்து அவள் கூப்பிட்ட ஒரே பெயர் அந்தப் பெயர்தான். மனசுக்குள் அத்தனை பத்திரமாக வைத்திருந்ததை வெளியே எடுத்து யாராவது கேலி செய்துவிட்டால்? அந்தப் பயம்தான்.

பயத்தோடு செய்கிற வேலை எப்படி இருக்கும்? ஒன்றரை மாசம் தள்ளிப்போட்ட பிறகு, முதலில் ஒரு பேங்க் பொண்ணு மாட்டினாள். மாஸ்டரம்மா ஏதோ ஒரு துண்டுப்பிரதியில் படித்த கேள்வியை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். சொல்வதற்கு நேரம் காலம் பார்க்க வேண்டாமா? ரவுண்டானாவுக்குள் வண்டி நுழைந்து, பக்கத்தில் தண்ணீர் லாரி ஒன்று உறுமிக்கொண்டு வருகிற நேரத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்: "இன்னிக்கே நீங்க செத்துப்போயிட்டா எங்க போவீங்கன்னு யோசிச்சிருக்கீங்களா?"

பேங்க் பொண்ணு "ஐயோ" என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டாவது பிரேக் இருந்ததால் இருவரும் எங்கேயும் போகாமல் ரவுண்டானாவின் நடுப்புல்லில் போய் நின்றார்கள். மறுநாளே அந்தப் பெண் எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

முதலாளி கூப்பிட்டு உட்கார வைத்தார். "மாஸ்டரம்மா, நீங்க எந்தச் சாமியை வேணா கும்பிடுங்க. நான் குறுக்க வரமாட்டேன். ஆனா ஓடற வண்டியில சாவைப் பத்திப் பேச்செடுக்காதீங்க. கோடி புண்ணியமாப் போகும்."

கணக்கு டீச்சர் வந்தது அடுத்த வாரம்.

வயது ஐம்பத்தெட்டு. முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். நெற்றி மேல் ஒரு கண்ணாடி, கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்கும் இன்னொரு கண்ணாடி, கையில் கோடு போட்ட நோட்டு. பேச்சு வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. வண்டியில் ஏறுவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி இந்த ஊரோட அந்தக் கோடியில இருக்கு. இத்தனை நாள் மக கொண்டுபோய் விட்டா. அவளுக்கு வேலை மாத்தல் வந்துடுச்சு, இன்னும் ஏழு வாரத்துல கிளம்பறா. வாடகை வண்டிக்காரங்களை நம்பிப் பார்த்தாச்சு. ரெண்டு தடவை வரவே இல்ல. நான் ஓட்டணும். இல்லாட்டி ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கற முதியோர் இல்லத்துல அவரைச் சேர்த்துடலாம்னு மக சொல்றா. அவருக்கு அங்க போக இஷ்டமில்ல. எனக்கும் இல்ல. ஏழு வாரத்துல முடியுமா, முடியாதா?"

"முடியும் டீச்சர்" என்றாள் மாஸ்டரம்மா. அன்றைக்கே மஞ்சள் கார்டில் 'கணக்கு டீச்சர்' என்று எழுதிவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் எழுதினாள். இந்த அம்மாவுக்கு ஒரு துணை வேண்டும் என்று உண்மையிலேயே தோன்றியது.

ஆனால் டீச்சரிடம் பேச்செடுப்பது லேசான காரியமா? இரண்டாவது வகுப்பில் சிக்னலில் நிற்கும்போது, மெல்ல, "உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா டீச்சர்?" என்று ஆரம்பித்தாள்.

"நிரூபிச்சுக் காட்டினா நம்புவேன்" என்றார் டீச்சர். "இந்தத் திருப்பத்துல ஸ்டியரிங்கை எத்தனை டிகிரி திருப்பணும்?"

டிகிரியாம்! பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஆளாவது அப்படிக் கேட்டதுண்டா? மாஸ்டரம்மா திருதிருவென்று விழித்தாள். டீச்சருக்கு எதையும் கணக்காகச் சொன்னால்தான் ஏறும். அதுதான் அவருடைய பலம், அதுவேதான் பலவீனம். முன்னால் போகிற வண்டி நின்றால், எவ்வளவு தூரம், என்ன வேகம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் பிரேக்கில் கால் வைப்பார். ஒரு மூச்சு தாமதம். ரோட்டில் அந்த ஒரு மூச்சுதான் ஆளை இடிக்கும்.

முதல் வகுப்பு முடிந்ததும் டீச்சர் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, "உங்க பிரேக்கை எத்தனை தடவை போட்டீங்க?" என்று கேட்டிருந்தார். மாஸ்டரம்மா யோசிக்காமல் "பதினோரு தடவை" என்று சொல்லிவிட்டாள். டீச்சரின் முகம் சுண்டிப்போனது. "அப்போ பதினோரு தடவை இடிச்சிருப்பேன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு, மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. மாஸ்டரம்மா மூன்று முறை போன் போட்டுத்தான் திரும்ப வரவழைத்தாள்.

அங்கேதான் புத்தி கோணலானது. இரண்டாவது வகுப்பு முடிந்து டீச்சர் அதே கேள்வியைக் கேட்டபோது உண்மையான எண்ணிக்கை ஒன்பது. மாஸ்டரம்மா "நாலுதான் டீச்சர்" என்றாள். டீச்சரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அடுத்த வகுப்பில் "ரெண்டு". ஆறாவது வகுப்பிலிருந்து பூஜ்யம்.

அந்தக் காலுக்கு ஒரு வித்தை தெரியும். பழகின மாஸ்டர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெடுக்கென்று மிதிக்காமல், பூப்போல அழுத்தினால், ஓட்டுகிறவருக்குத் தன் கால்தான் பிரேக் போட்டது என்று தோன்றும். மற்ற மாஸ்டர்கள் அழுத்திவிட்டு "பார்த்து ஓட்டு" என்று அதட்டுவார்கள். மாஸ்டரம்மா அழுத்திவிட்டு, "சூப்பர் டீச்சர், அழகா நிறுத்தினீங்க" என்றாள். டீச்சரும் நம்பிக்கையோடு நோட்டில் ஒரு வட்டம் போட்டார். பாவம் என்று நினைத்துச் செய்தது பாதி. இவரும் பேங்க் பொண்ணு மாதிரி ஓடிப்போய்விட்டால் மஞ்சள் கார்டு என்னாவது என்ற பயம் மீதி. எது பெரிய பாதி என்று அவளுக்கே தெரியாது. கார்டை நினைத்து நினைத்து, சிக்னலில் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மேல் ஆண்டவரைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதுதான் கூத்து.

ஐந்தாவது வாரம் தேர்வு. அன்றைக்கு மாஸ்டரம்மாவின் சீட்டில் தேர்வு அதிகாரி உட்கார்ந்தார், மடியில் அட்டை, கையில் பேனா. மாஸ்டரம்மா வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டிருந்தாள். பத்தே நிமிஷத்தில் வண்டி திரும்பி வந்தது. ஸ்டியரிங்கில் இருந்தது அதிகாரி.

"கிராசிங்ல ஒரு பெரியவர் பாதி ரோட்டுல இருக்கார், இவங்க நிக்கவே இல்ல" என்றார் அதிகாரி. "நான் மிதிச்சேனோ பொழைச்சாரோ. யாருங்க இவங்களைத் தேர்வுக்கு அனுப்பினது?"

டீச்சர் இறங்கி வந்து, கைப்பையில் நோட்டை வைத்து மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று பார்த்தால், கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தீங்க மாஸ்டரம்மா. பதினஞ்சு வகுப்புல பத்து வகுப்பு பூஜ்யம். அப்படியும் இன்னிக்கு ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தேன்னா, தப்பு உங்க மேல இல்ல, என் மூளையில. வயசாயிடுச்சு. மக சொல்றபடி அவரை இல்லத்துலயே சேர்த்துடறேன். உங்களுக்கு ரொம்ப நன்றி."

நன்றியாம்! நாலு அறை அறைந்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. மாஸ்டரம்மா வாயைத் திறந்தாள். பத்தொன்பது வருஷமாக ஓயாத வாய் அப்போது பார்த்து அடைத்துக்கொண்டது. டீச்சர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை, தேநீர் ஆறிக்கொண்டிருக்க, கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "முதலாளிகிட்ட சொன்னா வேலை போயிடும்ங்க. டீச்சர்கிட்ட சொன்னா என் முகத்துலயே முழிக்க மாட்டாங்க. சொல்லாம விட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

கணவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "கார்டுல அவங்களை எழுதி வெச்சுட்டு, அவங்ககிட்டயே பொய் சொன்னியா?"

"ஆமாங்க."

"அப்போ ஆண்டவரைப் பத்தி அவங்ககிட்ட என்ன சொல்றதா இருந்தே?"

அவளுக்கு அழுகை வந்தது. நல்லவள் என்று ஊரில் பேர் வாங்கி வைத்திருந்த தனக்கு இப்படி ஒரு கள்ளத்தனமா என்று வெட்கமாக இருந்தது. கணவர் எழுந்து அவளுடைய செருப்பை எடுத்து வாசல் பக்கம் திருப்பி வைத்தார். அன்றைய பங்கு வாக்கியங்களில் மூன்றாவதைச் செலவழித்தார்: "போயிட்டு வா."

டீச்சர் வீட்டு முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி, அதில் தலையணை முட்டுக்கொடுத்து டீச்சரின் கணவர். ஒல்லியாக இருந்தாலும் கண்ணில் குறும்பு குறையாத மனுஷர். மேஜை மேல் முதியோர் இல்லத்தின் விண்ணப்பத்தாள், பாதி நிரப்பியிருந்தது. மாஸ்டரம்மா உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், அந்தப் பூஜ்யமெல்லாம் பொய். ஒரு வகுப்புக்கு ஆறு தடவை, ஏழு தடவை நான் பிரேக் போட்டேன். உங்களுக்குத் தெரியாத மாதிரி போட்டேன். நீங்க மனசு விட்டுடக் கூடாதுன்னு சொன்னது. என்னை விட்டுப் போயிடக் கூடாதுன்னும்தான். தப்பு உங்க மூளையில இல்ல. என் கால்லயும் வாயிலயும் இருக்கு."

டீச்சர் வெடித்தார்.

"முப்பத்து நாலு வருஷம்! ஒரு பிள்ளைக்காவது தப்பான விடைக்கு மார்க் போட்டிருப்பேனா? அழுதாலும் போட்டதில்ல. ஏன் தெரியுமா? இன்னிக்கு நான் போடற பொய் மார்க் நாளைக்கு அவனைக் குப்புறத் தள்ளும். நீங்க என்னைத் தள்ளினீங்க. அந்தக் கிழவனார் செத்திருந்தா?"

"செத்திருப்பார்" என்றாள் மாஸ்டரம்மா. கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. "என்னால."

"இதை இப்ப வந்து ஏன் சொல்றீங்க? நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நான் கும்பிடறவருக்குத் தெரியுமே டீச்சர். எங்க ஆலயத்துல ஒரு கார்டு கொடுத்தாங்க. ஆண்டவரைப் பத்தி யார்கிட்ட சொல்லப் போறீங்கன்னு எழுதச் சொன்னாங்க. நான் உங்களை எழுதினேன்."

"என்னையா? கார்டுலயா?" டீச்சருக்குக் கோபம் இரட்டிப்பானது. "நான் என்ன உங்க வீட்டுப் பாடமா?"

சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டீச்சரின் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பவும் சிரிப்பாகி ஓய்ந்தது.

"அடியே, நீ திட்டறதை அப்புறம் திட்டு. முதல்ல ஒண்ணு யோசி. அந்தப் பூஜ்யம் பொய்னா, உன் மூளை கெட்டுப்போச்சுன்னு நீ போட்ட கணக்கும் பொய்தானே?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் போட்டார், விண்ணப்பத்தாளின் மேலேயே.

"உட்காருங்க. ஆறாவது வகுப்புலேருந்து சொல்லுங்க. எங்கெங்க பிரேக் போட்டீங்க, எதுக்குப் போட்டீங்க. ஒண்ணு விடக் கூடாது."

மாஸ்டரம்மாவுக்கு வேறு எது மறந்தாலும் அந்தக் கால் போட்ட பிரேக் மறக்காது. பால் பூத் வளைவு, பள்ளிக்கூட வாசல், நாய் குறுக்கே ஓடிய சந்து. டீச்சர் ஒவ்வொரு வட்டத்தையும் சிவப்பு மையால் அடித்து உண்மையான எண்ணைப் போட்டார். முடித்தபோது அவருக்கே புரிந்தது. எல்லாமே ஒரே தப்பு. முன்னால் ஏதாவது நின்றால் மட்டும் ஒரு மூச்சு தாமதம். ஸ்டியரிங்கில் தப்பில்லை, கியரில் தப்பில்லை.

"ஒரே தப்புன்னா திருத்திடலாம்" என்றார் டீச்சர். "மறு தேர்வு எப்ப?"

"ரெண்டு வாரத்துல. உங்க மக கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி. ஆனா டீச்சர், வேற மாஸ்டரைப் போடச் சொல்றேன். முதலாளிகிட்டயும் சொல்லிடறேன்."

"முதலாளிகிட்ட சொல்லுங்க. மாஸ்டரை மாத்த வேண்டாம்" என்றார் டீச்சர். "இனிமே உங்களுக்குப் பொய் சொல்லத் தைரியம் வராது. மத்தவங்களை நான் எப்படி நம்பறது?"

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கத்தினார். கடைசியில், "சாவைப் பத்திப் பேசாதீங்கன்னு சொன்னேன், நீங்க நேராவே காட்டப் பார்த்தீங்க" என்று சொல்லிவிட்டு, டீச்சருக்கு மிச்ச வகுப்புகளைத் தன் செலவில் போட்டுக்கொடுத்தார். அவரும் நல்ல மனுஷர்தான், சத்தம்தான் ஜாஸ்தி.

பிறகு நடந்த வகுப்புகளைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். காலி மைதானத்தில் மாஸ்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். கால் இரண்டும் மேலே இருப்பதை டீச்சர் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும். முதலாளி நடுவில் நின்று, வண்டிக்குக் குறுக்கே ஒரு காலித் தகர டிரம்மை உருட்டிவிட்டு ஓடுவார். டீச்சர் கணக்குப் போடாமல் முதலில் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக வேண்டும், கணக்கு அப்புறம். அந்தச் சம்மணம் மாஸ்டரம்மாவுக்கு நரகம். மிதிக்க முடியாத கால் தொடையோடு துடிக்கும். வாய் தன்னையறியாமல் கதறும்: "ஆண்டவரே! ஆண்டவரே, டிரம்மு! ஆண்டவரே, பார்த்துக்கோங்க!"

"உங்க ஆண்டவர்கிட்ட நான் பார்த்துட்டேன்னு சொல்லுங்க" என்பார் டீச்சர், டிரம்முக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டே.

ரோட்டில் சம்மணம் கூடாது என்று மாஸ்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அங்கே வேறு ஏற்பாடு. அவள் கால் பிரேக்கைத் தொட்டாலே "நான்தான்!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஐந்து "நான்தான்". அடுத்து நாலு. மூன்றில் நாலு வகுப்பு நகராமல் நின்றது. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்று என்றே எழுதினார்.

இந்த லட்சணத்தில் அந்தக் கடைசி ஞாயிறு வந்து சேர்ந்தது. பாடகர் குழுத் தலைவி எழுந்து தன் பக்கத்து வீட்டுக்காரியை ஜெபக்கூட்டத்துக்கு அழைத்து வந்த கதையைச் சொன்னாள். தபால்காரர் ஒருவர் கண் கலங்கச் சொன்னார். மாஸ்டரம்மாவின் முறை வந்ததும் ஆலயமே நிமிர்ந்து உட்கார்ந்தது, இன்றைக்குச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது என்று.

"நான் ஒரு டீச்சரை எழுதினேன்" என்றாள். "மூணு மாசத்துல ஆண்டவரைப் பத்தி அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொன்னதெல்லாம் பொய். அவங்க தேர்வுல தோத்தாங்க, ஒருத்தர் உயிர் போகப் பார்த்துச்சு. அப்புறம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவங்க இன்னும் மன்னிச்சேன்னு சொல்லல. அவ்வளவுதான். இந்தக் கார்டை திருப்பிக் கொடுத்துடறேன்."

அவள் கணவர், சரியான இடமா தப்பான இடமா என்று பார்க்காமல், கணீரென்று "ஆமென்" என்றார். ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். போதகர் கார்டை வாங்கிக்கொள்ளவில்லை. "அது உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார்.

மறு தேர்வுக்கு முந்தைய இரண்டு வகுப்பிலும் "நான்தான்" வரவில்லை. அவையிரண்டும் நிஜமான பூஜ்யங்கள். டீச்சர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வட்டம் போட்டார்.

தேர்வன்று அதே சிமெண்ட் பெஞ்ச், அதே அதிகாரி. மாஸ்டரம்மாவின் வலது கால் மண்ணில் ஒரு சின்னக் குழியே தோண்டிவிட்டது. அரை மணி நேரம் கழித்து வண்டி வந்தது. ஸ்டியரிங்கில் இருந்தது டீச்சர். இறங்கி, சிரிக்காமல் நடந்து வந்தார்.

"ஒரு தப்பு. இண்டிகேட்டர் லேட். பாஸ்."

மாஸ்டரம்மா அவரைக் கட்டிக்கொண்டு குதித்ததில் டீச்சரின் கழுத்துக் கண்ணாடிச் சங்கிலி அறுந்தது. டீச்சர் அதற்குத் திட்டினார். விண்ணப்பத்தாளை அன்றைக்கே கிழித்துப் போட்டதாகப் பிறகு அவர் கணவர் சொன்னார்.

மகள் கிளம்பிப் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, காலை ஆறேகாலுக்கு டீச்சரின் சொந்தக் கார் மாஸ்டரம்மா வீட்டு வாசலில் வந்து நின்றது. முதல் தடவை மட்டும் துணைக்கு வரச் சொல்லி முந்தைய நாளே டீச்சர் கூப்பிட்டிருந்தார். பின் சீட்டில் தலையணையோடு அவர் கணவர், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில். மாஸ்டரம்மா முன் சீட்டில் ஏறினாள். கால் வழக்கம்போல முன்னே போய்த் தேடியது. வெறும் தரை.

பால் பூத் வளைவு, பள்ளிக்கூட வாசல், நாய்ச் சந்து எல்லாம் கடந்தார்கள். டீச்சர் ஒவ்வொன்றிலும் நேரத்துக்கு நின்றார், நேரத்துக்குக் கிளம்பினார். பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"அங்க பிரேக் இல்ல" என்றார் டீச்சர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுவரைக்கும் எத்தனை தடவை மிதிச்சீங்க?"

மாஸ்டரம்மா தன் காலைக் குனிந்து பார்த்தாள். "ஒன்பது."

"ஒன்பதா! அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்?"

"இல்ல டீச்சர். நீங்க நல்லா ஓட்டறீங்க. எனக்குத்தான் பயம்."

பின் சீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் தலையை ஆட்டினார், சரியான விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தக் கார்டு. அதுல என் பேரை எழுதினீங்களே. என்ன சொல்றதுக்கு எழுதினீங்க?"

மாஸ்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இப்பவா டீச்சர்?"

"இப்பத்தான். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அங்க போனா அவரை உள்ள அனுப்பிட்டு நாலு மணி நேரம் நான் வராந்தாவுல தனியா உட்காரணும். ஒவ்வொரு தடவையும் உட்காந்துட்டுத்தான் இருக்கேன். நான் நம்பறேனா இல்லையாங்கறது அப்புறம். ஆனா நீங்க ஒன்பதை ஒன்பதுன்னு சொல்றவங்க. உங்க ஆண்டவர் உங்களுக்கு என்னதான் செஞ்சார், அதைச் சொல்லுங்க. மனப்பாடம் பண்ணினது வேண்டாம்."

மனப்பாடம் பண்ணினது எதுவும் மாஸ்டரம்மாவின் மனசில் மிச்சமில்லை. கேலிக்குப் பயந்து பதினோரு வருஷம் பொத்தி வைத்திருந்தது மட்டும்தான் இருந்தது. பச்சை விழுந்தது. வண்டி கிளம்பியது. அவள் இரண்டு கால்களையும் மெல்லப் பின்னால் இழுத்து, சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவுல பன்னெண்டு நாள் தனியா உட்கார்ந்திருந்தேன் டீச்சர்" என்று ஆரம்பித்தாள்.